கீறல் பட்ட கண்ணும் தொட்டித் தண்ணீரும்: ஒரு கருவிழிப் புண்ணின் கதை

புதுச்சேரியில் உள்ள ஒரு கண் மருத்துவமனையில், கருவிழி (கார்னியா) பிரிவில் நாங்கள் பார்த்த, அகாந்தமீபா என்ற அமீபாவால் கண்ணில் புண் வந்த ஒரு நோயாளியைப் பற்றிய பதிவு இது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

## பின்னணி

ஏப்ரல் கடைசி. பண்ருட்டியைச் சுற்றியுள்ள செம்மண் ஊர்களில் முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலம். நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண் குத்தகைத் தோப்பில் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார். குனிந்து நிமிர்ந்தபோது தாழ்ந்து கிடந்த கிளையின் காய்ந்த நுனி வலது கண்ணில் குத்தியது. பக்கத்தில் மாட்டுக்கும் செடிக்கும் தண்ணீர் தேக்கும் சிமென்ட் தொட்டி. அதில் முகத்தை முக்கி, கண்ணைத் திறந்து திறந்து மூடிக் கழுவினார். அன்று இரவு வீட்டில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டார்கள்.

மூன்றாம் நாளும் சிவப்பு குறையவில்லை. கடையில் கேட்டு, ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த ஒரு சொட்டு மருந்தை வாங்கி விட்டார். இரண்டே நாளில் சிவப்பு வடிந்தது. அதனால் மருந்தின் மேல் நம்பிக்கை வந்தது. பன்னிரண்டு நாள் தொடர்ந்தார். அப்புறம் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனது, கண்ணுக்குள் குடைகிற மாதிரி வலி. ஊருக்குப் பக்கத்தில் ஒருவரிடம் காட்டியபோது கருவிழியில் கிளைவிட்ட கோடு மாதிரி தெரிந்ததால், ஹெர்பீஸ் வைரஸ் புண்ணாக இருக்கலாம் என்று அதற்கான களிம்பு தரப்பட்டது. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இந்த நோய் ஆரம்பத்தில் ஹெர்பீஸ் போலவேதான் தோன்றும். அனுபவமுள்ளவர்களும் ஏமாறுகிற இடம் இது.

## எங்களிடம் வந்த நாள்

அடிபட்டு இருபத்தோராம் நாள், மகனோடு கடலூர் வந்து, அங்கிருந்து பஸ் மாறி எங்களிடம் வந்தார். முந்தானையால் வலது கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தார்.

வலது கண்ணில் ஒரு மீட்டர் தூரத்தில் விரல்களை எண்ணும் அளவுதான் பார்வை. இடது கண் 6/6, அதாவது முழுப் பார்வை. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் பார்த்தபோது கருவிழியின் நடுவில் ஏறக்குறைய 5 மி.மீ. அகல வெண்மை, அதைச் சுற்றி முழுமையாகாத ஒரு வளையம், மேல்படலம் உரிந்த இடம். சீழ் இறங்கவில்லை. இரத்தச் சர்க்கரை சரியாக இருந்தது.

எங்கள் படிவத்தில் “என்ன பட்டது?” என்ற கேள்வி இருக்கிறது. குச்சி என்று பதில் வந்தது. செடி, குச்சி, நெல் சுணை என்றாலே எங்கள் கை பூஞ்சைக்கான நாட்டமைசினை நோக்கிப் போகும். கடலூர், விழுப்புரம் பக்கத்து விவசாயிகளிடம் நாங்கள் பார்க்கும் கருவிழிப் புண்களில் பூஞ்சைக்குப் பெரிய பங்கு உண்டு. பயிற்சி மருத்துவர் எழுதிய முதல் குறிப்பும் “பூஞ்சைப் புண்ணாக இருக்கலாம்” என்பதுதான். தொட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. சுரண்டுவதற்காக மரத்துப்போகும் சொட்டு விட்டுக் காத்திருந்தபோது, “தொட்டித் தண்ணியில நல்லாதான் கழுவுனேன் டாக்டரம்மா, அப்படியும் இப்படி ஆயிடுச்சே” என்று அவராகச் சொன்னார். நோயறிதலை மாற்றிய வாக்கியம் அது.

## முதல் முடிவு: சுரண்டிப் பார்த்துவிட்டு மருந்து

புண்ணின் ஓரத்தையும் அடியையும் சுரண்டி எடுத்தோம். ஒரு கண்ணாடித் தகட்டில் பாக்டீரியாவைக் காட்டும் கிராம் சாயம், இன்னொன்றில் பூஞ்சையைக் காட்டும் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்ததால் வழக்கமான வளர்ப்புத் தட்டுகளோடு, சத்தில்லாத அகார் என்ற கூழ் மேல் ஈ. கோலை பாக்டீரியா பரப்பிய தட்டு ஒன்றையும் கேட்டு வாங்கினேன். அமீபாவுக்கு அந்த பாக்டீரியாதான் உணவு. தின்றுகொண்டே நகரும்போது அதன் தடம் தட்டில் தெரியும்.

அரை மணி நேரத்தில் ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பூஞ்சை இழை இல்லை. இரட்டைச் சுவரோடு, உள்சுவர் பலகோண வடிவில் இருந்த உறைகள் (அமீபா தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடுகள்) தெரிந்தன. அகாந்தமீபா. மூன்றாம் நாள் அகார் தட்டிலும் தடங்கள் வந்தன. மற்ற தட்டுகளில் எதுவும் வளரவில்லை.

மண்ணிலும் கிணற்றிலும் குழாய்த் தண்ணீரிலும் சாதாரணமாக வாழும் ஒருசெல் உயிரி இது. மேலை நாடுகளில் பெரும்பாலும் காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு வருகிறது. நம் நாட்டில் லென்ஸையே தொட்டிராதவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. 1970களில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டவர்களில் ஒருவரும் கண்ணில் அடிபட்ட ஒரு டெக்சாஸ் பண்ணைக்காரர்தான்.

## ஏன் ஒட்டியது

மகனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பலாத் தோப்பு குத்தகை எடுக்கிறவர். “தண்ணியில இருக்கறது எப்படி மேடம் கண்ணுல ஒட்டும்? கண்ணீர் அடிச்சிட்டுப் போயிடாதா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தத் தொட்டியில் ஊரே முகம் கழுவுகிறது, எல்லாருக்கும் புண் வருவதில்லை.

கருவிழியின் மேல் அடுக்குச் செல்களின் முகப்பில் மியூசின் என்ற பெரிய புரதங்கள் தூரிகை மயிர் போல எழுந்து நிற்கின்றன. அவற்றின் உடல் முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகள். அந்தச் சங்கிலிகளிலுள்ள கேலக்டோஸைப் பிடித்து, ஒரு மியூசினை அடுத்த மியூசினோடு கோக்கும் புரதம் ஒன்றைக் கண்ணே உற்பத்தி செய்கிறது. அதன் பெயர் கேலக்டின்-3. இப்படிக் கோத்துக் கட்டிய வேலி முழுதாக இருக்கும்வரை கிருமிக்கு அங்கே பிடிமானம் குறைவு. கண்ணீரில் வரும் ஐ.ஜி.ஏ. எதிர்ப்புரதமும் கூடவே காவல் நிற்கிறது.

அமீபாவிடமும் சர்க்கரையைப் பிடிக்கும் புரதம் இருக்கிறது. அது தேடுவது வேறு சர்க்கரை, மேனோஸ். பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நூர்ஜகான் பஞ்வானியின் குழு இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து, அமீபா கருவிழிச் செல்லில் பற்றுவது இதன் வழியாகத்தான் என்று காட்டியது. கீறாத கருவிழியை விடக் கீறிய கருவிழியில் அது கூடுதலாக ஒட்டுகிறது. கீறலில் வேலி பிய்ந்து, அடியில் மறைந்திருக்கும் மேனோஸ் வெளியே தெரிகிறது. ஒட்டியபின் அமீபா செல்லைக் கரைக்கும் நொதிகளை வெளியிட்டு உள்ளே இறங்குகிறது.

இதை அவரிடம் சொல்ல நான் எடுத்த உதாரணம் அவருடைய தொழிலிலிருந்தே வந்தது. “பலாப்பழம் அறுக்கறதுக்கு முன்னாடி கையில எண்ணெய் தடவுறீங்கல்ல தம்பி? எண்ணெய் இருக்கற வரைக்கும் பால் ஒட்டாது. எண்ணெய் துடைச்ச இடத்துல மட்டும் பிசுக்குனு பிடிச்சுக்கும். கண்ணோட மேல்பூச்சு அந்த எண்ணெய் மாதிரி. குச்சி அதைத் துடைச்சிடுச்சு. துடைச்ச இடத்துல தொட்டித் தண்ணி பட்டுச்சு.” அடுத்து, கிருமி ஒரு வகைச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது என்றேன். உடனே, “அம்மாவுக்கு சுகர் இல்லைன்னு நீங்கதானே மேடம் டெஸ்ட் பண்ணிச் சொன்னீங்க?” என்றார். செல்லின் மேலுள்ள சர்க்கரையும் இரத்தத்தில் அளக்கும் சர்க்கரையும் வேறு வேறு என்று விளக்கப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழித்திராவிட்டால், அம்மாவுக்கு நீரிழிவு என்று நினைத்துச் சோற்றைக் குறைத்திருப்பார்கள். நோயாளியிடம் “சர்க்கரை” என்ற சொல்லைப் பயன்படுத்தினால் அதை அங்கேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரையைத் தேர்ந்து பிடிக்கும் இத்தகைய புரதங்களுக்கு லெக்டின் என்று பொதுப் பெயர். 1888ல் ஸ்டில்மார்க் என்பவர் ஆமணக்கு விதைச் சாறு இரத்தச் சிவப்பணுக்களைத் திரள வைப்பதைக் கவனித்ததில் இந்தத் துறை தொடங்குகிறது. பெயர் வந்தது 1954ல். பலாக்கொட்டையிலும் ஜாக்கலின் என்ற லெக்டின் இருக்கிறது. அதை அந்தப் பையனிடம் சொன்னபோதுதான் அவர் முகம் முதன்முறையாகத் தெளிந்தது.

பையன் அடுத்துக் கேட்டதையும் பதிவு செய்கிறேன், ஏனென்றால் படித்தவர்களும் கேட்கிறார்கள்: அது தேடுகிற சர்க்கரையையே சொட்டாக விட்டால் என்ன? ஆய்வகத்தில் மேனோஸைக் கலந்தால் அமீபா செல்லில் ஒட்டுவது உண்மையிலேயே குறைகிறது. ஆனால் அதே மேனோஸ், செல்லைக் கொல்லும் ஒரு நொதியைக் கூடுதலாகச் சுரக்க அமீபாவைத் தூண்டுகிறது என்பதும் ஆய்வகத்தில் கண்டதுதான். ஏற்கெனவே ஒட்டி உள்ளே இறங்கிவிட்ட நோயில் அதனால் பலனும் இல்லை. தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

## இரண்டாவது முடிவு: மருந்தும் தங்குவதும்

ஸ்டீராய்டை அன்றே நிறுத்தினோம். அது சிவப்பையும் வலியையும் மறைக்கும், அமீபாவைத் தொடாது. முதல் இரண்டு நாள் கிடைத்த நிம்மதி அப்படி வந்ததுதான்.

அமீபாவைக் கொல்லும் கிருமிநாசினிச் சொட்டுகளான 0.02 சதவீத பி.எச்.எம்.பி., 0.02 சதவீத குளோர்ஹெக்சிடின் இரண்டும் முதல் 48 மணி நேரம் இரவும் பகலும் மணிக்கொரு முறை. பிறகு பகலில் மட்டும். பாவையை விரிக்கும் சொட்டு, வலி மாத்திரை. தளர்ந்திருந்த மேல்படலத்தைச் சுரண்டி நீக்கினோம், கிருமியின் அளவு குறையவும் மருந்து உள்ளே போகவும். பி.எச்.எம்.பி. சாதாரணக் கடையில் கிடைக்காது, எங்கள் மருந்தகத்தில் தயாரித்துத் தருகிறோம். அதனாலும், இரவு மருந்துக்காகவும் அவரைத் தங்க வைத்தோம். முந்திரி சீசன் கூலி போகிறதே என்று மறுத்தார். மகன்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். ஒன்பது நாள் தங்கினார்.

இந்த இடத்தில் எங்கள் தவறு ஒன்று நுழைந்தது. புண் திறந்திருப்பதால் பாக்டீரியாவும் சேர்ந்துவிடக் கூடாது என்று ஒரு ஆன்டிபயாடிக் சொட்டையும் எழுதினோம். பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதனப்பொருள் சேர்த்த மருந்து. அடிக்கடி விட்டால் அந்தப் பொருளே மேல்படலத்தைப் புண்ணாக்கும். பாக்டீரியா வளர்ப்பு எதிர்மறை என்று வந்தபின் அதை நிறுத்தியிருக்க வேண்டும். யாரும் நிறுத்தவில்லை. வீட்டுக்குப் போகும் சீட்டிலும் அது அப்படியே ஏறிப் போனது.

## ஐந்தாவது வாரக் குழப்பம்

முதல் மூன்று வாரம் நன்றாகப் போனது. வெண்மையின் ஓரம் சுருங்கியது, வளையம் மங்கியது, இரவில் தூங்கினார். சிகிச்சையின் ஐந்தாவது வாரம் மறுபடி எரிச்சல், நீர் வடிதல். உள்வெண்மை பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் மேல்படலம் மூடவே இல்லை.

எதிரெதிரான இரண்டு வழிகள். அமீபா திரும்பிவிட்டதென்றால் மருந்தைக் கூட்ட வேண்டும். மருந்தே மேல்படலத்தைப் புண்ணாக்குகிறதென்றால் குறைக்க வேண்டும். தவறான பக்கம் போனால் கண் போய்விடும். மூத்த மருத்துவர் ஒருவர் கூட்டச் சொன்னார், நான் தயங்கினேன்.

மறுபடி சுரண்டினோம். அதன் பிறகுதான் ரோஸ் பெங்கால் சாயம் விட்டோம். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் அந்தச் சாயமே கிருமிகளை ஓரளவு கொல்லும். முதலில் விட்டுவிட்டால் வளர்ப்புத் தட்டை நம்ப முடியாது. 1930களில் ஸ்வீடன் கண் மருத்துவர் ஷோக்ரன் உலர் கண்ணைக் கண்டறியப் பயன்படுத்திய பழைய சாயம் இது. செத்த செல்லில்தான் இது ஏறும் என்று நாங்கள் படித்த காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். முழுக் கதை அது இல்லை. மியூசினும் கேலக்டின்-3யும் கோத்த வேலி இருந்தால் உயிருள்ள செல்லும் இந்தச் சாயத்தை உள்ளே விடாது. வேலி கழன்றால் விடும். 2009ல் கண் ஆய்வாளர் பாப்லோ அர்குவேசோவின் குழு வளர்ப்புச் செல்களில் லாக்டோஸ் (கேலக்டோஸ் அடங்கிய பால் சர்க்கரை) சேர்த்துப் பார்த்தது. லாக்டோஸ் கேலக்டினின் பிடியில் போட்டியாகப் போய் உட்கார்ந்ததும் சாயம் செல்லுக்குள் புகுந்தது. ஆக, நாம் தினமும் விடும் இந்தச் சிவப்புச் சாயம், சர்க்கரையைப் பிடிக்கும் ஒரு புரதம் தன் வேலையைச் செய்கிறதா என்று காட்டும் எளிய சோதனையாகவும் ஆகிறது.

இவர் கண்ணில் புண் மட்டும் சிவக்கவில்லை. நோயே தொடாத கீழ் வெண்படலமும், கருவிழியின் கீழ்ப்பாதியும் பொட்டுப் பொட்டாகச் சிவந்தன. சொட்டு மருந்து தேங்கி நிற்கும் இடங்கள் அவை. இடது கண்ணில் துளி சாயம் இல்லை. மகன் கொண்டுவந்த பையை மேசையில் கொட்டச் சொன்னோம். நாங்கள் எழுதிய ஆன்டிபயாடிக் இருந்தது. கூடவே, எரிச்சலுக்கு என்று கடையில் வாங்கிய, அதே பதனப்பொருள் உள்ள கண்ணீர்ச் சொட்டு. தினம் எத்தனை தடவை என்று கேட்டோம். “எரியறப்பல்லாம்” என்றார்.

சுரண்டலில் உறைகள் தெரியவில்லை. வளர்ப்புத் தட்டு ஒரு வாரம் வரை சுத்தமாக இருந்தது. அது முடியும்வரை காத்திருக்காமல் அன்றே முடிவெடுத்தோம். ஆன்டிபயாடிக்கும் கடைச் சொட்டும் நிறுத்தம். குளோர்ஹெக்சிடினும் நிறுத்தம். பி.எச்.எம்.பி. நாளைக்கு ஆறு முறை மட்டும். பதனப்பொருள் இல்லாத கண்ணீர்ச் சொட்டு, அவருடைய இரத்தத்திலிருந்தே பிரித்த சீரத்தை 20 சதவீதமாக்கிய சொட்டு. குறைப்பது தவறாகிவிட்டால் உடனே தெரிய வேண்டும் என்று இரண்டு நாளுக்கு ஒருமுறை வரச் சொன்னோம். அந்தப் பஸ் செலவு அவர்களுக்குப் பெரிய சுமை என்று தெரிந்தும் சொன்னோம்.

பதினோராவது நாள் மேல்படலம் மூடியது.

## பிறகு

பி.எச்.எம்.பி.யை மெல்ல மெல்லக் குறைத்து, தொடங்கியதிலிருந்து நாலரை மாதத்தில் நிறுத்தினோம். நடுவில் ஒரு வெள்ளைத் தழும்பு தங்கிவிட்டது. வலது கண் பார்வை 6/36. கருவிழி மாற்று அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டு, ஆனால் கண் நீண்ட காலம் அமைதியாக இருந்து பார்த்துவிட்டுத்தான் அதை யோசிக்க வேண்டும் என்றோம். “ஒரு கண்ணு நல்லா இருக்கு டாக்டரம்மா, இப்போதைக்குப் போதும்” என்று சொல்லிவிட்டார். அவர் முடிவு அது. தோப்புக்குப் போகும்போது பக்கம் மூடிய பிளாஸ்டிக் கண்ணாடி போடுகிறார்.

தொட்டி அப்படியேதான் இருக்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் வேண்டுமே. ஆனால் கொட்டகையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்று தொங்குகிறது என்று மகன் சொன்னார்.

கழுவவே கூடாது என்று இதைப் படிப்பவர்கள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. சுண்ணாம்பு, ஆசிட், பூச்சிமருந்து கண்ணில் பட்டால் கையில் கிடைக்கும் தண்ணீரில், தொட்டித் தண்ணீரானாலும், உடனே நிறையக் கழுவ வேண்டும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் பார்வையைத் தின்னும். குச்சியோ சுணையோ கீறிய கண் வேறு. அதற்குச் சுத்தமான தண்ணீர், இல்லையென்றால் எதையும் விடாமல் மூடிக்கொண்டு மருத்துவரிடம் வருவது. வீட்டு விளக்கெண்ணெய் இந்த அமீபாவைக் கொண்டுவந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் திறந்து வைத்த பாட்டிலிலிருந்து எதுவும் கீறிய கண்ணுக்குள் போகக் கூடாது.

## நாங்கள் மாற்றிக்கொண்டவை

“என்ன பட்டது?” என்பதற்கு அடுத்து “எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்?” என்ற கேள்வி படிவத்தில் அச்சாகியிருக்கிறது. வளர்ப்பு முடிவு எதிர்மறை என்று வந்த நாளிலேயே தற்காப்பு ஆன்டிபயாடிக்கை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் காரணத்தை எழுத வேண்டும். நீண்ட சிகிச்சையில் மூன்றாவது வாரம் ரோஸ் பெங்கால் பார்ப்பதை வழக்கமாக்கியிருக்கிறோம், எரிச்சல் இல்லாவிட்டாலும். ஐந்தாவது வாரம் பார்த்ததை மூன்றாவது வாரமே பார்த்திருந்தால் இவருக்கு இரண்டு வார வேதனை மிச்சமாகியிருக்கும் என்றே நினைக்கிறேன். மறு பரிசோதனைக்கு வருபவர்கள் வீட்டிலுள்ள எல்லாச் சொட்டு மருந்தையும் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும் என்று சீட்டின் மேலேயே எழுதித் தருகிறோம்.

படிவம் மாறிய சில நாட்களில், நெல் தூற்றும்போது சுணை விழுந்த ஒருவர் வந்தார். புதுக் கேள்விக்கு “வாய்க்கால் தண்ணி” என்றார். பயிற்சி மருத்துவர் என்னைக் கேட்காமலேயே சுரண்டி, அகார் தட்டையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அமீபா இல்லை, பூஞ்சை இழைகள்தான் வந்தன. அன்று மாலையே நாட்டமைசின் தொடங்கினோம்.